சுரங்க இயந்திரம் ஓட்ட எந்தச் சர்டிபிகேட் செல்லும்?

பெங்களூர் அல்சூரை ஒட்டிய மர்பி டவுனில் தமிழ்க் குரல் கேட்காத தெரு இல்லை. வெள்ளையர் காலத்தில் இந்த இடத்துக்கு நாக்ஸ்பேட்டை என்று பெயர். கண்டோன்மெண்டில் எஞ்சினீயராக இருந்த மர்பி துரையின் பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. கண்டோன்மெண்டு வேலைகளை நம்பி வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்று ஆட்டோ ஓட்டுகிறார்கள், ஆபீசில் எழுதுகிறார்கள், வேறு வேலை கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

அப்படி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வீட்டுப் பெரியவர் கோலார் தங்கவயலில் வைண்டிங் எஞ்சின் டிரைவராக இருந்தவர். சுரங்கம் மூடிய பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். அவருடைய தங்கை மகனுக்கு வயது 24. பத்தாவது பாஸ். டெம்போ ஓட்டுகிறான். ஒரு நாள் சாயந்திரம் மூச்சு வாங்க வந்து நிற்கிறான்.

"மாமா, ஒடிசாவுல டம்பர் ஓட்டுற வேலையாம். நாப்பத்தஞ்சாயிரம் கட்டினா கவர்ன்மெண்டு மைனிங் ஆபரேட்டர் சர்டிபிகேட் பதினஞ்சு நாள்ல கையில வந்துடுமாம். அம்மா வளையலை வச்சுடலாங்கிறாங்க."

பெரியவர் கேட்கிறார்: "அது சரி மாப்ளே, அந்தச் சர்டிபிகேட்டுல கையெழுத்துப் போடுறது யாருப்பா?"

வீடும் ஆட்களும் கற்பனைதான். ஆனால் பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல் வளையலை அடகுக் கடைக்குக் கொண்டு போகும் வீடு எதுவும் நட்டப்படாமல் இருக்க வேண்டுமானால், அந்தக் கையெழுத்து விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகத் தெரிந்துகொள்வது நல்லது.

பரீட்சை உள்ள வேலைகள்

கோலார் தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனி 1880-ம் ஆண்டு காலூன்றியது. 1902-ல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது. 1956-ல் மைசூர் சர்க்கார் சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. பிறகு மத்திய சர்க்கார் கைக்குப் போய், 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடித்தளம் தரைமட்டத்திலிருந்து 3 கிலோ மீட்டருக்கும் கீழே போயிருந்தது. அந்த ஆழத்துக்கு ஆளை இறக்குவதும் ஏற்றுவதும் கூண்டு. கூண்டை இயக்குபவர் வைண்டிங் எஞ்சின் டிரைவர்.

அவர் கூண்டைக் கண்ணால் பார்ப்பதில்லை. மணிதான் அவருக்குக் கண். நிற்கும் கூண்டுக்கு ஒரு மணி அடித்தால் மேலே தூக்கு. ஓடும் கூண்டுக்கு ஒரு மணி அடித்தால் நிறுத்து. இரண்டு மணி அடித்தால் கீழே இறக்கு. மூன்று மணி என்றால் ஆட்கள் ஏறப் போகிறார்கள் என்று அர்த்தம். கனிப்பாறைச் சுமையை இழுக்கிற மாதிரி ஆளை இழுக்கக் கூடாது. மூன்று மணி கேட்டதும் கை தானாக மெதுவாகிவிடும்.

ஒரு ஷிப்டு ஆட்களின் உயிர் ஒரே மனிதர் கையில் இருப்பதால், அந்த வேலைக்குச் சர்க்கார் பரீட்சை வைத்தது. 1952-ம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தையொட்டி 1961-ல் வந்த உலோகச் சுரங்க விதிகளின்படி மானேஜர், ஃபோர்மேன், மேட், வெடி வைக்கும் பிளாஸ்டர், சர்வேயர், வைண்டிங் எஞ்சின் டிரைவர் ஆகியோருக்குத் தனித்தனியே தகுதிச் சான்று உண்டு. தன்பாத்தில் தலைமையகம் வைத்திருக்கும் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம், அதாவது டி.ஜி.எம்.எஸ்., இந்தப் பரீட்சைகளுக்குப் பொறுப்பு. பெங்களூரிலும் அதற்கு அலுவலகம் இருக்கிறது.

பெரியவர் டிரங்குப் பெட்டியில் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கும் காகிதம் அந்தப் பரீட்சையில் தேறிப் பெற்றது. சுரங்கம் மூடி இத்தனை வருஷம் ஆகியும் அவர் அதை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருப்பதில் ஆச்சரியம் இல்லை.

டம்பருக்கு அப்படி ஒன்று இல்லை

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வைண்டிங் டிரைவருக்கும் பிளாஸ்டருக்கும் இருப்பது போல, டம்பர், எக்ஸ்கவேட்டர், புல்டோசர், லோடர் ஆகியவற்றை ஓட்டுபவருக்கு டி.ஜி.எம்.எஸ். பரீட்சை வைத்துச் சர்டிபிகேட் கொடுக்கும் முறை அந்த விதிகளில் கிடையாது. ஆகவே "டி.ஜி.எம்.எஸ். டம்பர் ஆபரேட்டர் சர்டிபிகேட்" என்று யாராவது விலை சொன்னால், அவர் விற்பது இல்லாத சரக்கு.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் ஏறி ஓட்டலாமா? முடியாது. அந்த அதிகாரம் சுரங்க மானேஜரிடம் இருக்கிறது. தகுந்த ஆள் என்று கண்டு, மானேஜர் எழுத்து மூலம் அனுமதி கொடுத்தவர்தான் கனரக இயந்திரத்தின் சீட்டில் உட்காரலாம். "இன்னார், இன்ன இயந்திரம்" என்று அதில் இருக்கும். டம்பருக்கு அனுமதி வாங்கியவர் டோசரைத் தொட்டால் தவறு. அந்தச் சுரங்கத்தை விட்டு வேறு சுரங்கத்துக்குப் போனால், அங்குள்ள மானேஜர் மறுபடி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆக, கடைசிக் கையெழுத்து வேலைக்குச் சேர்ந்த பிறகு கிடைப்பது. அதை வேலைக்கு முன்னால் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு யாராலும் விற்க முடியாது.

மானேஜர் கையெழுத்துக்கு முன்னால் இரண்டு படிகள் உண்டு. ஒன்று, வைத்தியப் பரிசோதனை. கண், காது, ரத்த அழுத்தம், நெஞ்சுப் படம் எல்லாம் பார்த்து "ஓ" படிவத்தில் எழுதுவார்கள். இரண்டாவது, தொழிற்பயிற்சி. 1966-ம் ஆண்டின் விதிகளின்படி, புதிதாகச் சுரங்கத்தில் கால் வைப்பவர் பயிற்சி நிலையத்தில் படித்துவிட்டுத்தான் வேலையில் இறங்க வேண்டும். இவை இரண்டும் முதலாளியின் பொறுப்பு. வேலைக்கு எடுக்கும் காண்டிராக்டர் இதற்காக ஆளிடம் காசு கேட்டால், அங்கேயே சந்தேகப்பட வேண்டும்.

2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி முதல் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்து, பழைய சுரங்கச் சட்டமும் அதற்குள் அடங்கிவிட்டது. உடனே "புதுச் சட்டப்படி புதுச் சர்டிபிகேட்" என்று ஒரு வியாபாரம் கிளம்பினாலும் வியப்பில்லை. சட்டம் மாறும்போதெல்லாம் முதலில் விழித்துக்கொள்வது புரோக்கர்தானே!

கையில் இருக்க வேண்டியவை

பையன் சும்மா போய் நின்றால் போதாது. அவன் கையில் சில காகிதங்கள் இருக்க வேண்டும்.

முதலாவது லைசென்சு. டம்பர் வேலைக்குக் கனரக வாகன லைசென்சு கேட்பது வழக்கம். மோட்டார் வாகனச் சட்டப்படி போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது ஆக வேண்டும். இலகு ரக லைசென்சு எடுத்து ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். எட்டாவது படித்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை 2019-ல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் இதை நம்பிப் படிப்பை அலட்சியம் செய்யக் கூடாது. கோல் இந்தியாவின் கிளைக் கம்பெனிகள் பயிற்சி ஆபரேட்டர் வேலைக்கு விளம்பரம் செய்யும்போது, பத்தாவது தேர்ச்சியும் கனரக லைசென்சும் கேட்பது வழக்கம். எக்ஸ்கவேட்டர், ஷவல் போன்றவற்றுக்கு ஐ.டி.ஐ. படிப்பையும் சேர்த்துக் கேட்கிறார்கள். டீசல் மெக்கானிக் படித்தவனுக்கு இங்கே ஒரு படி மேல். விண்ணப்பத்தை நேரே கம்பெனியின் இணையதளத்தில் போட வேண்டும். நடுவில் ஆளுக்கு வேலை இல்லை.

இரண்டாவது, திறன் சான்று. மத்திய சர்க்காரின் திறன் திட்டத்தில், சுரங்கத் துறைக்கு ஒரு கவுன்சில் இருக்கிறது. மண் அள்ளும் இயந்திரங்களுக்கு இன்ஃப்ராஸ்ட்ரக்சர் எக்யூப்மெண்ட் ஸ்கில் கவுன்சில் என்று மற்றொன்று, பெங்களூரிலேயே இருக்கிறது. பேக்ஹோ லோடர், எக்ஸ்கவேட்டர், டம்பர் என்று இயந்திரவாரியாகப் பாடம். பயிற்சி கொடுப்பவர் ஒருவர், சோதித்து மார்க்குப் போடுபவர் வேறொருவர் என்பது ஏற்பாடு. பயிற்சி நிலையமே பரீட்சையும் வைத்து, பாஸும் போட்டுக் கொடுத்தால் அது இந்த வகைச் சான்று அல்ல.

இதில் மர்பி டவுன்காரர்கள் பலருக்கும் உதவக்கூடிய ஒரு வழி இருக்கிறது. பத்து வருஷமாக ஜே.சி.பி. ஓட்டியிருப்பார்; காகிதம் ஒன்றும் இராது. அவரை மறுபடி முதல் பாடத்திலிருந்து படிக்கச் சொல்வதில்லை. முன்னரே கற்ற திறனை அங்கீகரித்தல் என்று ஒரு பிரிவு பிரதமரின் கௌசல் விகாஸ் திட்டத்தில் வைத்தார்கள். சில நாள் வகுப்பு, பிறகு சோதனை, தேறினால் சான்று. திட்டம் நடக்கும் நேரம், இடம் மாறிக்கொண்டே இருக்கும். கவுன்சிலில் விசாரித்துக்கொண்டு போவது உத்தமம்.

கைக்கு வந்த சான்று நிஜமா என்று பார்ப்பதும் சிரமமில்லை. அதில் அச்சிட்டிருக்கும் கட்டத்தை மொபைலில் பிடித்தால், பெயரும் படிப்பும் சர்க்கார் தளத்தில் தெரிய வேண்டும். அச்சடித்தவருடைய சொந்தத் தளத்தில் தெரிந்தால் அது கணக்கில் சேராது.

மூன்றாவது அனுபவக் கடிதம். இதைப் பெரிதாக யாரும் நினைப்பதில்லை. நினைக்க வேண்டும். "மூன்று வருஷம் ஆபரேட்டராக இருந்தார்" என்று மொட்டையாக எழுதி வாங்கினால் பிரயோஜனம் குறைவு. எந்த இயந்திரம், எத்தனை டன், எந்தச் சுரங்கம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்க வேண்டும். தினசரி லாக்புக்கில் எத்தனை மணி நேரம் ஓட்டினோம் என்பதைத் தனக்கென்று ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்பவர் புத்திசாலி.

காகிதம் ஏன் இத்தனை முக்கியம்?

100 டன் டம்பர் என்பது தெருவில் ஓடும் லாரியின் பெரிய அண்ணன் அல்ல. வேறு ஜாதி மிருகம். சீட்டில் உட்கார்ந்தால் பக்கத்தில் நிற்கும் ஜீப் கண்ணில் படாது. இந்தியாவின் திறந்தவெளிச் சுரங்கங்களில் உயிர்ச்சேதத்துக்கு முக்கியமான காரணமாக டி.ஜி.எம்.எஸ். கணக்குகள் திரும்பத் திரும்பச் சொல்வது டம்பர், லாரி விபத்துகளைத்தான்.

சுரங்கப் பாதை பொதுவாக 16 அடிக்கு ஓர் அடிக்கு மேல் சரியக் கூடாது என்பது கணக்கு. சுமையோடு அந்தச் சரிவில் இறங்கும்போது, லாரிப் பழக்கத்தில் காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருபவர் பிரேக்கைச் சூடாக்கி எரித்துவிடுவார். ரிடார்டர் என்று தனி ஏற்பாடு இருக்கிறது. வேகத்தை அதுதான் பிடித்து வைக்க வேண்டும். மண் கொட்டும் மேட்டுக்குப் பின்னோக்கிப் போகும்போது விளிம்பில் ஒரு மண் கரை இருக்கும். சக்கரத்தின் உயரத்துக்காவது அந்தக் கரை இருக்கிறதா என்று பார்க்காமல் பின்னால் போனால், டம்பரோடு கீழே போக வேண்டியதுதான். மூன்றாவது ஷிப்டில், விடியற்காலையில் கண் இருட்டும். அந்த நேரத்தில் பதினைந்து நாள் சர்டிபிகேட் உதவாது.

பெரிய சுரங்கங்களில் இப்போது சிமுலேட்டர் என்னும் பொம்மை அறையில் முதலில் உட்கார வைக்கிறார்கள். திரையில் பாதை ஓடும், பிரேக் பிடிக்காமல் போகும், டயர் வெடிக்கும். அங்கே கவிழ்ந்தால் யாருக்கும் காயம் இல்லை. பிறகு பழைய ஆபரேட்டர் பக்கத்தில் இருக்க, சுமை இல்லாமல் ஓட்டுவது, பிறகுதான் சுமையோடு. காசு வாங்கிச் சர்டிபிகேட் விற்பவர் இந்தப் படிகள் எல்லாவற்றையும் தாண்டிப் போக வழி காட்டுகிறார்.

இன்னொரு சங்கதி. காண்டிராக்டரிடம் வேலை பார்ப்பவரின் பெயர் சுரங்கத்தின் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வைத்தியச் சோதனை, பயிற்சி, மானேஜர் அனுமதி மூன்றும் முறையாக நடந்திருந்தால் பெயர் தானாக ஏறியிருக்கும். ஏறாமல் ஒருவர் விபத்தில் சிக்கினால், அவர் அங்கே வேலை செய்தார் என்று நிரூபிப்பதே முன்பின் தெரியாத ஊரில் பெண்சாதி பிள்ளைகளின் தலையில் விழும். நஷ்டஈட்டுச் சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. ஆனால் சட்டத்தின் கதவைத் தட்டுவதற்கும் கையில் ஒரு சீட்டு வேண்டும்.

எங்கே வேலை?

கர்நாடகத்தில் ராய்ச்சூர் பக்கம் ஹட்டி தங்கச் சுரங்கம் ஓடுகிறது. பெல்லாரி, சண்டூர் பகுதியில் இரும்புத் தாது. தோணிமலையில் மத்திய சர்க்காரின் என்.எம்.டி.சி. இருக்கிறது. தமிழ்நாட்டில் நெய்வேலி. 1957-ல் பிரதமர் நேரு தொடங்கி வைத்த அந்தச் சுரங்கத்தில் ஜெர்மன் நாட்டு ராட்சசச் சக்கர எக்ஸ்கவேட்டர்கள் மேல்மண்ணைச் சுரண்டி எடுக்கும் காட்சியைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. ஒடிசா, ஜார்க்கண்டு, சத்தீஸ்கர், சிங்கரௌலிப் பக்கம் நிலக்கரியும் இரும்பும். அங்கெல்லாம் இப்போது மண் வாரும் வேலை பெரும்பாலும் காண்டிராக்டர்கள் கையில்.

ஆண்களுக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டியதில்லை. 2019-ம் ஆண்டு ஜனவரியில் மத்திய சர்க்கார் நிபந்தனைகளோடு பெண்களுக்கு இரவு ஷிப்டையும் நிலத்தடி வேலையையும் திறந்து விட்டது. ஜார்க்கண்டில் டாடா ஸ்டீலின் நோவாமுண்டி சுரங்கத்தில் பெண்கள் கனரக இயந்திரம் ஓட்டுகிறார்கள்.

சுரங்க வேலை நிரந்தரம் என்று மட்டும் நம்பக் கூடாது. குதிரேமுக் இரும்புச் சுரங்கம் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவால் 2005-ம் ஆண்டின் முடிவில் நின்றது. 2011 ஜூலை கடைசியில் பெல்லாரி மாவட்டச் சுரங்கங்களை அதே கோர்ட்டு நிறுத்தியபோது, டிப்பர்களும் எக்ஸ்கவேட்டர்களும் வரிசையாக நின்றுவிட்டன. அப்படி ஒரு நாளில் வீட்டுக்குத் திரும்பும் ஆபரேட்டரிடம் லெட்டர்ஹெட் கடிதம் இருந்தால் அடுத்த கேட்டில் பேச ஆரம்பிக்கலாம். இல்லாவிட்டால் மறுபடியும் கிளீனர்.

கோலார் தங்கவயலே இதற்குச் சாட்சி. தங்கம் நின்றது, ஆனால் 1964-ல் பிறந்த பி.இ.எம்.எல். கம்பெனியின் ஆலை அங்கே நிற்கவில்லை. புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும் அங்கே தயாராகி நாட்டின் சுரங்கங்களுக்குப் போகின்றன. டம்பர்கள் மைசூர் ஆலையில். அதன் தலைமை அலுவலகம் நம்ம சம்பங்கிராம நகரில்தான். ஆனால் தங்கவயல் பிள்ளைகளில் ஆயிரக்கணக்கானவர்கள் விடியுமுன் மாரிக்குப்பத்திலும் பங்காருப்பேட்டையிலும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறார்கள்.

கடல் தாண்டுவதானால்

வெளிநாடு என்றால் இன்னும் ஜாக்கிரதை தேவை. ஆஸ்திரேலியச் சுரங்கங்களுக்கு அங்குள்ள அங்கீகாரம் பெற்ற நிலையத்தின் சான்று வேண்டும். பெங்களூர்ச் சான்று நேரே செல்லாது. வளைகுடா நாடுகளிலும் அங்கே மூன்றாவது கம்பெனி ஒன்று ஓட்டிக் காட்டச் சொல்லிச் சோதித்து அட்டை கொடுப்பது வழக்கம். பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்ற குறி இருக்கும். அவர் சில நாடுகளுக்கு வேலைக்குப் போக முன் அனுமதி வாங்க வேண்டும். 1983-ம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின்படி பதிவு செய்த ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30 ஆயிரம் ரூபாயும் அதன்மேல் வரியும்தான். ரசீது கொடுக்க வேண்டும். அவருடைய பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

மர்பி டவுன் வீட்டுக்குத் திரும்புவோம். பெரியவர் சொன்னபடி பையன் ஏஜெண்டுக்குப் போன் போட்டு, கையெழுத்து யாருடையது என்று கேட்கிறான். "அதெல்லாம் தில்லியிலிருந்து வரும் தம்பி" என்று பதில். எந்தச் சுரங்கம் என்று கேட்கிறான். "போன பிறகு சொல்வாங்க." அட்வான்சை இன்றே கட்டினால் ஐயாயிரம் குறைத்துக்கொள்வாராம்.

வளையல் வீட்டிலேயே இருக்கிறது. பையன் கனரக லைசென்சுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மாமன் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடக்கிறது. பல சுரங்கங்களில் டம்பர் கிளப்பும் முன் ஒரு ஹாரன் அடிப்பார்கள். முன்னால் போக இரண்டு, பின்னால் வர மூன்று. பையன் அதை எங்கோ கேட்டு வந்து சொல்கிறான்.

"மூணா?" என்கிறார் பெரியவர். "எங்களுக்கு மூணுன்னா ஆள் ஏறுதுன்னு அர்த்தம். நீ பின்னால வர்றப்போவும் ஆள் இருக்குன்னே நினைச்சுக்கோ."